குருபாக்கியம் எறிந்த கட்டை

2023 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு, கோவில்பட்டியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில், நாலு பேர் உட்கார்ந்திருந்த மேசைக்கு மேலே குருபாக்கியம் எறிந்த இருபது முகப் பகடைக்கட்டை, போன வேகத்தில் திரும்பி வராமல், மேசைக்கும் மின்விசிறிக்கும் நடுவே நின்றுவிட்டது. நின்றது என்றாலும் சும்மா நிற்கவில்லை. ஒவ்வொரு முகமாகக் காட்டிக்கொண்டு, யாரோ கையில் வைத்துத் திருப்பிப் பார்ப்பதுபோல மெதுவாகச் சுழன்றது. கடைக்காரர் சங்கரலிங்கம் எழுந்து போய் விசிறியை அணைத்தார், இறக்கை பட்டால் கட்டை உடைந்துவிடும் என்று. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கும் ஹெப்சிபா, "விழுந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்க, அஞ்சு மணி பஸ்ஸ விட்டா எங்க ஊருக்கு அடுத்தது எட்டரைக்குத்தான்" என்று பையை எடுத்துக்கொண்டார். மற்ற மூவரும் வாழைக்காய் பஜ்ஜியைத் தின்று முடித்து, விசிறி இல்லாத புழுக்கத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அவர்கள் ஆடியது எளிய ஆட்டம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடப்பார்கள். மலை ஏறுகிறேன், பூட்டை உடைக்கிறேன், பூதத்தோடு பேசிப் பார்க்கிறேன் என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அது கைகூடுமா என்பதைக் கட்டை சொல்லும். கதை சொல்பவர் சங்கரலிங்கம். கண் பரிசோதனைக்கு வருபவர்களிடம் 'இது தெளிவா, இது தெளிவா' என்று கேட்கும் அதே பொறுமையான குரலில், காரியத்தின் கடினத்துக்குத் தக்கபடி முதலில் ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் காரியம் ஆகும், குறைந்தால் ஆகாது. அவர் எண்ணைச் சொன்ன பிறகுதான் கட்டையைத் தொட வேண்டும்.

குருபாக்கியத்துக்கு இதெல்லாம் புதிது. பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை, கல்லூரிக் காலத்தில் ஹாக்கியில் கோல் காத்தவர், ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்தில் விசில் தொங்கும். அவரைக் கூட்டிவந்தது அந்தப் பள்ளிக்கு வேன் ஓட்டும் மீரான். "ஒரு ஆளு திருச்சிக்கு மாத்தலாகிப் போயிட்டாரு அக்கா, நாற்காலி சும்மா கெடக்கு, வாங்க" என்று இரண்டு வாரமாகச் சொல்லி, மூன்றாம் வாரம் வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"உங்களுக்கு மருத்துவச்சி வேஷம் டீச்சர்" என்றார் சங்கரலிங்கம். "அவளுக்கு என்ன பேரு வைக்கலாம்?"

"குருபாக்கியம்."

"அது உங்க பேரு. அவளுக்கு?"

"அவளுக்கும் அதே இருக்கட்டும். திடீர்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும்ல?"

"அட்டெண்டன்ஸ் எடுத்து எடுத்து அக்காவுக்கு வேற பேரே தோணாது அண்ணாச்சி" என்றார் மீரான்.

"ஏலே, நீ என்ன பேரு வச்சிருக்க?" என்று அவரிடம் கேட்டார் குருபாக்கியம்.

"தோரணன். ஈட்டிக்காரன். மூணு வருசமா இவனத்தான் ஓட்டுதேன். வேனுக்கு அடுத்து எனக்கு ஒரு பொழப்பு உண்டுன்னா இவன் பொழப்புதான்."

குருபாக்கியம் தன் பாத்திரத்தின் பேரும் திறமையும் எழுதிய தாளை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார். "செத்துப்போனா வீட்டுக்குப் போயிரணுமா?"

"இல்ல டீச்சர்" என்றார் சங்கரலிங்கம். "செத்தது அந்த ஆளுதான். நீங்க ஒரு டீயக் குடிச்சிட்டு, புதுத் தாள்ல புது ஆள எழுதிட்டு, அதே நாற்காலியில உக்காரணும். செத்தவங்கள எந்திரிச்சுப் போகச் சொல்ற வழக்கம் நம்மகிட்ட இல்ல."

ஆட்டம் தொடங்கி, கதைக்குள் ஏழு கிணற்றுக் காட்டின் வாசலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது, உள்ளே போகும்முன் எல்லாரும் காட்டைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்று மருத்துவச்சி குருபாக்கியம் கட்டளையிட்டார். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. சங்கரலிங்கம் நேர்மையான மனிதர், ஓடுங்கள் என்றார். ஓடினார்கள். அந்தக் காலடிச் சத்தத்தில்தான் மூன்றாம் கிணற்றுக்குள் தூங்கிக்கொண்டிருந்த பாம்பு விழித்துக்கொண்டது. விழித்த பாம்பு ஏறி வந்து, முன்னால் நின்ற தோரணனை மார்பில் கடித்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீரானின் இதயத்தில் ஒரு வால்வு சின்ன வயதில் வந்த காய்ச்சலில் கெட்டுப்போயிருந்தது. அதை மாற்றியாக வேண்டும், தள்ளிப்போடப் போட ஆபத்து கூடும் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். போன வருட நோன்பு, மூத்தவளின் பரீட்சை, வேனுக்கு எஃப்.சி. எடுப்பது என்று ஒவ்வொரு காரணமாகத் தள்ளி, அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு தேதி குறித்திருந்தார்கள். மேசையைச் சுற்றியிருந்த எல்லாருக்கும் இது தெரியும், யாரும் பேசுவதில்லை. தோரணன் விழுந்தான் என்று சங்கரலிங்கம் சொன்னதும், மீரானின் கை பழக்கதோஷத்தில் தன் மார்புக்குப் போனது. குருபாக்கியம் அதைப் பார்த்தார். பார்த்த பிறகு அவரால் பொறுக்க முடியவில்லை. "நான் காப்பாத்துதேன்" என்று கட்டையை அள்ளி, தாயம் போடுவதுபோல இரண்டு உள்ளங்கைக்குள் உருட்டி, கோல் காத்த கையின் முழு பலத்தோடு மேலே எறிந்துவிட்டார். எண்ணைச் சொல்வதற்காகத் திறந்த சங்கரலிங்கத்தின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

அடுத்த ஞாயிறும் கட்டை அங்கேயே இருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறும் இருந்தது. கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பார்த்தவர்கள் வீட்டில் சொன்னார்கள். கடலைமிட்டாய் வாங்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் மிட்டாய்ப் பொட்டலத்தோடு படியேறினார்கள். கல்லூரி ஒன்றின் இயற்பியல் பேராசிரியர் தூக்குக்குண்டு நூலோடு வந்து, நாலு பக்கமும் அளந்து, உயரம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். நகராட்சியிலிருந்து வந்தவர் அது தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு திருப்தியோடு இறங்கினார். இது எங்களுடையதில்லை, இருந்தாலும் கெடுதல் ஒன்றும் தெரியவில்லை என்று கோயிலிலும் சொன்னார்கள், சர்ச்சிலும் சொன்னார்கள், பள்ளிவாசலிலும் சொன்னார்கள். உள்ளூர் மாலைப் பத்திரிகை தங்கம் விலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, 'மாடி: இன்றும் விழவில்லை' என்று நாள்தோறும் அச்சிடத் தொடங்கியது. வாசகர்கள் தங்கத்துக்கு முன்னால் அதைப் பார்த்தார்கள்.

ஆச்சரியம் ஒரு மாதத்தில் தீர்ந்துபோனது. அதன் பிறகு ஊர் அந்தக் கட்டையை உபயோகிக்கத் தொடங்கியது. பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டார் பதில் சொல்ல வேண்டிய நாளில், "மாடியில விழட்டும், சொல்லி அனுப்புதோம்" என்றார்கள். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டைக் கேட்டுப் போனால் தையல்காரர் ஞானமுத்து, மெஷினை நிறுத்தாமலேயே, "மாடியில விழட்டும்க்கா" என்றார். ராஜினாமா எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தவர்கள் அதை வெளியே எடுக்கவில்லை. காதலைச் சொல்ல நினைத்தவர்கள் சொல்லவில்லை. கட்சியில் வார்டுச் செயலாளர் யார் என்பதை மேலிடம் அறிவிக்கவில்லை. தீப்பெட்டி செய்யும் ஆபீஸ் ஒன்றுக்காகப் பன்னிரண்டு வருடம் கோர்ட்டுக்கு அலைந்த அண்ணன் தம்பி இருவர், மாடியில் விழுகிற வரைக்கும் வாய்தா வாங்கிக்கொள்வோம் என்று முடிவு செய்து, வாய்தா வாங்கிய அன்று ஒரே ஓட்டலில் ஒரே மேசையில் பரோட்டா தின்றார்கள். அதனால் கட்டை நிற்பது கெடுதல் என்று யாரும் சொல்லத் துணியவில்லை. முடிவு தெரியாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்று ஊர் கண்டுகொண்டது. சித்திரை வெயிலில்கூட ஜனங்கள் ஒருவரோடொருவர் கோபமில்லாமல் பேசினார்கள்.

மீரானும் அதையேதான் சொன்னார். மார்ச் மாதத் தேதி வந்தபோது, "மாடியில விழட்டும், தோரணன் கதை என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்" என்றார். ஏப்ரலில் வேறு தேதி கொடுத்தார்கள். அதற்கும் அதையே சொன்னார். ஊரே சொல்கிற பதில் என்பதால் அவரை யாரும் தனியாகக் குறை சொல்ல முடியவில்லை.

அவர் மனைவி சபூராவுக்கு மட்டும் அந்தச் சுகம் பிடிபடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஒட்டடைக்கம்போடு கண்ணாடிக்கடைக்கு வந்து, யாரையும் கேட்காமல் மாடியேறி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டையை ஓங்கி அடித்தார். கட்டை கம்பைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து, பழைய இடத்திலேயே நின்றது. மறுபடி அடித்தார். மறுபடி சுற்றி வந்தது. கை சோர்ந்ததும், அறையின் நாலு மூலையிலும் இருந்த ஒட்டடையை வந்ததற்கு அடித்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"யாரும்மா இத மேல எறிஞ்சது?" என்று சங்கரலிங்கத்திடம் கேட்டார். அம்மா என்றது அவரை அழைத்து அல்ல, ஆற்றாமையில் வந்தது.

"டீச்சர்தான். தெரியாம எறிஞ்சிட்டாங்க."

"தெரியாம எறிஞ்சவங்கள்ட்ட சொல்லுங்க, தெரிஞ்சு எறக்கச் சொல்லி."

சொல் குருபாக்கியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் ஏற்கெனவே சரியாகத் தூங்குவதில்லை. பாம்பை எழுப்பியதும் தான், கட்டையை எறிந்ததும் தான் என்று அவர் கணக்கு. பள்ளியில் வேன் வந்து நிற்கும்போதெல்லாம் மீரான் இறங்குகிறாரா, எத்தனை தரம் மூச்சு வாங்குகிறார் என்று பார்ப்பார். மே மாத விடுமுறை முடிந்து ஜூனில் வந்தபோது, வேன் கதவைத் திறந்துவிட மீரான் இறங்குவதை நிறுத்தியிருந்தார். கதவுக்கு ஒரு கயிறு கட்டி, சீட்டில் இருந்தபடியே இழுத்தார்.

விளங்கியது ஜூலையில், ஹாக்கி மைதானத்தில். பெண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்க, விசில் ஊதுவதற்கு முன்பே ஒருத்தி பந்தை அடித்து, அது கோலுக்குள் போய்விட்டது. இது கோல் என்று ஓர் அணி, கோல் இல்லை என்று ஓர் அணி.

"விசில் ஊதல, அதனால இது கோலும் இல்ல, வெளியவும் இல்ல. பந்து இன்னும் ஆட்டத்துக்குள்ளயே வரல" என்று சொன்ன குருபாக்கியம், சொன்ன வாயோடு அப்படியே நின்றுவிட்டார். ஆட்டத்தைப் பாதியில் விட்டு நேரே கண்ணாடிக்கடைக்குப் போனார். சங்கரலிங்கம் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீங்க நம்பரே சொல்லல."

சங்கரலிங்கம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் எறிஞ்சிட்டேன். எவ்வளவு விழணும்னு அதுக்குத் தெரியாது. தெரியாம எப்படி விழும்? அதான் நிக்குது."

"தெரியும் டீச்சர்."

"எது தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். அணைச்ச விசிறி நிக்குறதுக்குள்ள தெரிஞ்சிருச்சு."

"பின்ன சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

அவர் லென்ஸை வைத்தார். "அது சின்ன நம்பர் இல்ல. பாம்பு பெரிய பாம்பு, உங்க மருத்துவச்சி அன்னைக்குத்தான் பொறந்தவ. நான் சொன்னா அது விழும். விழுந்தா தோரணன் பெரும்பாலும் செத்துருவான். தோரணன் செத்த பிறகு மீரான் மதுரைக்குப் போவான்னு நினைக்கிறீங்களா?"

"இப்ப மட்டும் போறானா?"

சங்கரலிங்கம் லென்ஸை மறுபடி கையில் எடுத்தார்.

முதலில் ஒரு குறுக்குவழி பார்த்தார்கள். அந்த ஞாயிறு மேசைக்கு முன் நின்று சங்கரலிங்கம், "ஒன்று" என்றார். ஒன்று என்றால் எது விழுந்தாலும் தோரணன் பிழைப்பான். கட்டை விழவில்லை. "ஐந்து" என்றார். "பத்து" என்றார். கட்டை, தன்னிடம் யாரும் எதுவும் சொல்லாததுபோல, ஒவ்வொரு முகமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அது மனதில் இருந்த எண்ணைத்தான் கேட்கிறது, வாயில் வந்ததை அல்ல என்று அவர்களுக்குப் புரிந்தது.

ஊருக்கும் புரிந்தது. எண் ஒன்று இருக்கிறது, அது சங்கரலிங்கத்திடம் இருக்கிறது என்ற செய்தி பரவியதும், கடைக்குக் கண்ணாடி போடாதவர்கள் எல்லாம் வந்தார்கள். பெண்ணைப் பெற்றவர் வந்தார். ஞானமுத்து வந்தார். அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் வந்தார்கள்.

"அண்ணாச்சி, நல்லாத்தான போயிக்கிட்டு இருக்கு" என்றார் தம்பி. "இப்ப எதுக்கு அதப் போயி எறக்கிக்கிட்டு?"

"எங்க அம்மா செத்த பிறகு இப்பத்தான் இவன் கையால ஒரு டீ வாங்கிக் குடிக்கேன்" என்றார் அண்ணன்.

"நல்ல எண்ணத்துல சொல்லுதோம். வாயத் தொறக்காதீங்க" என்றார் ஞானமுத்து.

சங்கரலிங்கம் வாயைத் திறக்கவில்லை. ஊர் கேட்டுக்கொண்டதாலா, பயத்தாலா என்பது அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலை, பள்ளிக்கு வரும் வழியில், மீரான் வேனைச் சாலையோரம் வேப்பமரத்தடியில் நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலை சாய்த்தார். மூச்சு உள்ளே போனது. வெளியே வரத் தயங்கியது. உள்ளே இருந்த பிள்ளைகள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் முன்சீட்டில் இருந்த ஒரு குட்டிப்பெண் எட்டி, அவர் தோளைத் தொட்டு, "அங்கிள், மாடியில விழுந்துருச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றார் மீரான், தலையை நிமிர்த்தாமல். "விழ விடாம வச்சிருக்கேன்."

அந்த ஞாயிறு அவர் மாடிக்கு வந்தார். மார்ச்சில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியவர், இப்போது வளைவில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து வந்தார். பின்னால் சபூரா வந்தார். அவர்களுக்குப் பின்னால், படி நிறைய, தெரு வரைக்கும் ஊர் வந்து நின்றது. மீரான் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெப்சிபா தண்ணீர் கொடுத்தார்.

"அண்ணாச்சி, உண்மையான நம்பரச் சொல்லுங்க."

"மாப்ள, கொஞ்சம் யோசி…"

"யோசிச்சிட்டேன். இவ்வளவு நாளா யோசிச்சிட்டுத்தான இருந்தேன். வேற என்ன செஞ்சேன்?"

படியிலிருந்து ஞானமுத்து, "வேண்டாம் மீரான்" என்றார். சபூரா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஞானமுத்து இரண்டு படி இறங்கிக்கொண்டார்.

சங்கரலிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அது இல்லாமல் கட்டையைப் பார்த்து, "பதினாறு" என்றார்.

கட்டை சுழல்வதை நிறுத்தியது. பிறகு, யாரோ பிடியை விட்டதுபோல விழுந்தது. குருபாக்கியத்தின் கை, இருபது வருடப் பழக்கத்தில், பாய்ந்து பிடிக்கப் போனது. பாதி வழியில் அவரே அதை மற்றொரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். கட்டை மேசையில் மோதி, டீ கிளாசில் இடித்து, ஓரம் வரை உருண்டு நின்றது.

பதினைந்து.

அந்த எண் அறையிலிருந்து படிக்கும், படியிலிருந்து தெருவுக்கும் வாய்வழியாக இறங்கியது. "பதினஞ்சு நல்லதா, கெட்டதா?" என்று கீழே யாரோ கேட்டது மேலே வரைக்கும் கேட்டது. "ஒன்னு குறைச்சல்" என்று பதில் இறங்கியது. சபூரா சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். குருபாக்கியம், "மன்னிச்சுக்கோடா" என்று சொல்ல நினைத்தார்.

மீரான் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார், புறங்கையைப் பார்த்தார். வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். பஜ்ஜிக்கடையில் எண்ணெய் காயும் வாசம் ஜன்னல் வழியே வந்தது.

"தோரணன் போயிட்டான்" என்றார் மீரான்.

கட்டையை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

"மூணு வருசம் நல்லா ஓடுனான்." பிறகு மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என்ன எல்லாரும் இப்படி உக்காந்திருக்கீங்க? எனக்கு ஒரு டீ சொல்லுங்க. தொண்டை காயுது."

"சீனி குறைச்சு" என்றார் சபூரா, தரையிலிருந்தபடியே.

டீ வந்தது. மீரான் குடித்தார். குருபாக்கியம் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்து, யாரும் சொல்லாமலேயே அவர் முன்னால் வைத்தார். மீரான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மதுரையில படுத்துக்கிட்டே எழுதுதேன். அதுவரைக்கும் இந்த நாற்காலியில யாரும் பைய வைக்காதீங்க. ஏ ஹெப்சி, உன்னத்தான் சொல்லுதேன்."

"போயிட்டு வாங்கண்ணே. நான் மடியிலயே வச்சிக்கிடுதேன்" என்றார் ஹெப்சிபா.

ஊர் கலைந்தது. திங்கட்கிழமை முதல் காத்துக்கிடந்த எல்லாம் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. பெண் வீட்டுக்குப் பதில் வந்தது, பிடிக்கவில்லை என்றார்கள். அண்ணனும் தம்பியும் அடுத்த வாய்தாவுக்கு வெவ்வேறு பஸ்ஸில் போனார்கள். ஆனால் கோர்ட் வாசலில் தம்பி அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஞானமுத்து இரவும் பகலும் தைத்தும் பாதி ஜாக்கெட்டுகள் கல்யாணம் முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தன. மாலைப் பத்திரிகை, தங்கம் விலைக்குப் பக்கத்துக் கட்டத்தில் தக்காளி விலையைப் போட்டது. கொஞ்ச நாள் சிலர் கட்டையை எறிந்தவரைத் திட்டினார்கள், எண்ணைச் சொன்னவரைச் சிலர் திட்டினார்கள், அதுவும் ஓய்ந்தது.

மதுரையில் மீரானுக்கு அறுவை சிகிச்சை செப்டம்பரில் நடந்தது. தள்ளிப்போட்டதால் கஷ்டம் கூடித்தான் இருந்தது. நெஞ்சைத் திறந்தவர்கள் நினைத்ததைவிட அதிக நேரம் ஆனது. இரண்டாம் முறையும் உள்ளே கொண்டுபோக வேண்டி வந்தது. குருபாக்கியம் லீவு போட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் சபூராவோடு உட்கார்ந்திருந்தார். என்ன எண் வேண்டும் என்று டாக்டரிடம் அவர் கேட்கவில்லை. சபூரா கேட்டார், டாக்டர் ஏதோ ஒரு சதவீதம் சொன்னார், இருவரும் அதைத் தங்களுக்குள் திருப்பிப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் மூன்று பேர் ஆடினார்கள். நாலாவது நாற்காலி காலியாக இருந்தது. சங்கரலிங்கம் எண்ணைச் சொல்லும்வரை குருபாக்கியம் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

2024 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணிக்கு மீரான் மாடிக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, மதுரையில் புது ஆளை எழுதிய, மடிப்பில் நைந்துபோன அந்தத் தாளை மேசைமேல் விரித்தார். புது ஆளின் முதல் காரியத்துக்குச் சங்கரலிங்கம் பன்னிரண்டு என்றார். மீரான் எறிந்தார். நான்கு விழுந்தது.